வாவிக்கு மேலால் கடத்திய மட்டம்: 104 மில்லிமீற்றர் எங்கிருந்து வந்தது?

கிழக்குக் கரையான எழுவான்கரையில் ஒரு மட்டக்குறி, அதாவது உயரம் தெரிந்த நிலையான புள்ளி. அதிலிருந்து 820 மீற்றர் தள்ளி, மட்டக்களப்பு வாவிக்கு அந்தப் பக்கம், மேற்குக் கரையான படுவான்கரையில் புதிதாகக் கட்டிய ஒரு கொங்கிறீற் தூண். இரண்டுக்கும் இடையிலான உயர வித்தியாசத்தை, கோணத்தையும் தூரத்தையும் அளக்கும் டோட்டல் ஸ்டேசன் கருவியால் இங்கிருந்து ஒருமுறையும் அங்கிருந்து ஒருமுறையும் அளந்தார்கள். கிழக்கிலிருந்து பார்த்தபோது படுவான்கரைத் தூண் 0.367 மீற்றர் தாழ்வு. மேற்கிலிருந்து பார்த்தபோது எழுவான்கரைக் குறி 0.471 மீற்றர் உயர்வு. அதே இரண்டு புள்ளிகளுக்குக் கிடைத்த இரண்டு விடைகளும் 104 மில்லிமீற்றரால் வேறுபட்டன.

ஒப்பந்தக்காரரின் அளவைக் குழு முதலாவது எண்ணை வைத்தே வேலைக்கான முளைகளை அடித்திருந்தது. இரண்டாவது எண் வந்ததும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கருவி குறிபார்க்கும் பிரிஸம் கம்பத்தின் உயரத்தைத் தவறாக எழுதியிருப்பார்கள் என்றார் ஒருவர். இரண்டின் சராசரியை எடுத்துவிட்டுப் போகலாம் என்றார் இன்னொருவர். கொங்கிறீற் போட இன்னும் நாள் இருந்தது. அந்த இடைவெளியில்தான் கோப்பு என்னிடம் வந்தது.

அது ஒரு வடிச்சல் வாய்க்கால் வேலை. வயல் கண்டங்களில் மாரியில் தேங்கும் நீரை வாவிக்குள் இறக்க வேண்டும். வெயில் காலத்தில் வாவியின் உவர்நீர் வயலுக்குள் ஏறாமல் வாய்க்காலின் வாயில் ஒரு கதவும், அது அமரும் படியும் வேண்டும். வாய்க்காலின் சரிவு 5000க்கு 1, அதாவது ஒரு கிலோமீற்றருக்கு 20 சென்ரிமீற்றர். படுவான்கரையின் தாழ்ந்த வயல்களில் அதற்கு மேல் சரிவு கிடைக்காது. அந்தப் பகுதியில் வயல்களின் நீர்ப்பாசனத்தைப் பார்க்கும் வட்டவிதானையாரிடம் பேசியபோது அவர் அளவுகோல் எதையும் தேடவில்லை. "தம்பி, வெயில் காலத்தில வாவித் தண்ணி நாலு விரல் ஏறினாலே காணும், எங்கட வயலுக்குள்ள உவர் வந்திரும்" என்றார். முதல் எண்ணில் இருந்த பிழை 45 மில்லிமீற்றர் என்று பின்னர் தெரிந்தது. அவர் கணக்கில் அது இரண்டரை விரல். வாய்க்கால் கணக்கில் 225 மீற்றர் நீளத்துக்கான சரிவு முழுவதும்.

வாவியைச் சுற்றாமல் நேரே கடந்தது ஏன் என்று கேட்கலாம். மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்பட்ட பிறகு தரைவழியாகச் சுற்றி வருவது முன்பைவிட எளிது. ஆனாலும் இந்த இரண்டு புள்ளிகளுக்கும் இடையே சுற்றுவழி 11 கிலோமீற்றர். சாதாரணப் பொறியியல் மட்டப்படுத்தலில் ஏற்கப்படும் முடிவுப் பிழை, கிலோமீற்றர் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை 12ஆல் பெருக்கி வரும் மில்லிமீற்றர். 11 கிலோமீற்றருக்கு அது 40 மில்லிமீற்றர். நேரே கடந்தால் இதைவிட நல்ல விடை கிடைக்கும் என்று குழு நினைத்தது. அந்த எண்ணத்தில் எனக்குக் குறை தெரியவில்லை. கடந்த விதத்தில்தான் கோளாறு.

வளைவின் கணக்கு

லெவலோ டோட்டல் ஸ்டேசனோ, கருவி தரும் கிடைக்கோடு நேர்கோடு. மட்டம் என்பது வேறு: அசையாத நீர் எப்படிப் பரந்திருக்குமோ அந்தப் பரப்பு, பூமியோடு சேர்ந்து வளைந்தது. கருவி நிற்கும் இடத்தில் இரண்டும் தொட்டுக்கொள்கின்றன. தள்ளிப் போகப்போக மட்டப்பரப்பு நேர்கோட்டுக்குக் கீழே இறங்குகிறது. இறங்கும் அளவு, தூரத்தின் வர்க்கத்தைப் பூமியின் விட்டத்தால் வகுத்தால் வருவது. ஆரையை 6371 கிலோமீற்றர் என்று எடுத்தால் 1 கிலோமீற்றரில் 78.5 மில்லிமீற்றர். தூரம் இரட்டித்தால் இது நான்கு மடங்காகும்.

ஆகவே தூரத்தில் உள்ள புள்ளி, கருவிக்கு உண்மையைவிடத் தாழ்ந்ததாகவே தெரியும். அதைச் சரிசெய்ய உயர வித்தியாசத்தில் வளைவின் அளவைக் கூட்ட வேண்டும். 820 மீற்றருக்கு அது 52.8 மில்லிமீற்றர்.

மறுபக்கம், காற்று ஒளியை வளைக்கிறது. வழக்கமான நிலையில் கீழே உள்ள காற்று அடர்த்தி கூடியது. கதிர் அடர்ந்த பக்கமாகச் சாய்ந்து, பூமியின் வளைவை ஓரளவு பின்தொடர்ந்து போகிறது. அதனால் வளைவின் விளைவில் ஏழில் ஒரு பங்கு குறைகிறது என்று பாடநூல்கள் எடுத்துக்கொள்கின்றன. மிஞ்சுவது 1 கிலோமீற்றருக்கு 67.3 மில்லிமீற்றர். டோட்டல் ஸ்டேசன்கள் பலவற்றில் இந்தக் குறைவின் பங்கைச் சொல்லும் முறிவுக் குணகம் 0.13 அல்லது 0.14 என்று போடப்பட்டிருக்கும். அதுவும் ஏறத்தாழ அதே ஏழில் ஒன்றுதான். 820 மீற்றருக்கு இந்தக் கூட்டுத் திருத்தம் 45 மில்லிமீற்றரைச் சற்றுத் தாண்டும்.

சிலர் பூமியின் ஆரைக்கு எந்த எண்ணைப் போடுவது என்று தலையை உடைப்பார்கள். மட்டக்களப்பின் அகலக்கோட்டில் வடக்குத்தெற்காக ஆரை சுமார் 6337 கிலோமீற்றர், கிழக்குமேற்காக சுமார் 6378. எதைப் போட்டாலும் இந்தத் தூரத்தில் விடை கால் மில்லிமீற்றர் அளவே மாறும். கவலைப்பட வேண்டிய இடம் அதுவல்ல.

சந்தேகத்துக்குரியவை

முன்னும் பின்னும் அளந்த இரண்டு உயர வித்தியாசங்களையும் குறியோடு கூட்டினால் பூச்சியம் வர வேண்டும். இங்கே −0.367உம் +0.471உம் கூடி +0.104 வந்தது. இந்தக் கூட்டுத்தொகைதான் நோயின் அறிகுறி. அதன் குறியும் பேசுகிறது. வளைவுத் திருத்தத்தையே செய்யாமல் விட்டிருந்தால் கூட்டுத்தொகை எதிர்க்குறியில், ஏறத்தாழ −90 வந்திருக்கும். நேர்க்குறியில் வந்தது என்றால் இரண்டு பக்கமும் ஏதோ கூடுதலாகச் சேர்ந்திருக்கிறது.

பிரிஸம் உயரத்தில் பிழை இருக்கலாம். ஆனால் களப்புத்தகத்தில் இரண்டு நாடா வாசிப்புகள் இருந்தன, இரண்டும் பொருந்தின. அதைவிட வலுவான சந்தேக நபர் கருவியின் செங்குத்து வட்ட இன்டெக்ஸ் பிழை, அதாவது செங்குத்துக் கோணத்தின் தொடக்கப் புள்ளி சற்று விலகியிருப்பது. கோணத்தில் 10 விகலை (ஒரு பாகையின் 360இல் ஒரு பங்கு) பிழை இருந்தால் 820 மீற்றரில் 40 மில்லிமீற்றர் உயரம் தவறும். அந்தத் தவறு எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒரே குறியில் வரும். அதாவது வளைவுப் பிழையின் முகத்தையே அணிந்துகொண்டு வரும். தொலைநோக்கியைப் புரட்டி, பேஸ் லெப்ட், பேஸ் ரைட் என்ற இரு முகத்திலும் வாசித்திருந்தால் இது நீங்கிவிடும். இந்தக் குழு பேஸ் லெப்டில் மட்டுமே வாசித்திருந்தது.

இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. இன்டெக்ஸ் பிழை தூரத்தோடு நேராகக் கூடும். வளைவு சார்ந்த பிழை தூரத்தின் வர்க்கத்தோடு கூடும். எனவே அதே கருவி, அதே அமைப்பு, அதே கணக்குத் தாள் என்று எதையும் மாற்றாமல், நேரான ஒரு வீதியில் 410 மீற்றர் தூரத்தில் இரு பக்கமும் அளக்கச் சொன்னேன். இன்டெக்ஸ் பிழையாக இருந்தால் கூட்டுத்தொகை பாதியாகி 50ஐ ஒட்டி வர வேண்டும். வளைவாக இருந்தால் காற்பங்காகி 25ஐ ஒட்டி வர வேண்டும். வந்தது 21. இதற்குப் பிறகு கருவியைப் பழுதுபார்க்க அனுப்பும் பேச்சு நின்றது.

கருவியின் அமைப்புப் பட்டியலைத் திறந்து பார்த்தோம். வளைவு, முறிவுத் திருத்தம் இயக்கத்தில் இருந்தது, குணகம் 0.13. அதாவது கருவி திரையில் காட்டிய உயர வித்தியாசத்திலேயே 45.9 மில்லிமீற்றர் சேர்ந்திருந்தது. அலுவலகத்தில் அந்த எண்ணை எக்செல் தாளில் போட்டார்கள். அந்தத் தாள், திருத்தம் செய்யாத பழைய கருவி ஒன்றுக்காக முன்பு எவரோ எழுதியது. அதில் தூரத்தின் வர்க்கத்தை 0.0673ஆல் பெருக்கிக் கூட்டும் ஒரு நிரல் மறைக்கப்பட்டிருந்தது. அங்கே இன்னொரு 45.3. இரண்டு பக்கமும் சேர்ந்து 90.6.

குழுவில் யாரும் கவனக்குறைவாக இருக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். களத்தில் இருந்தவர் திருத்தம் வேண்டும் என்று அறிந்து இயக்கி வைத்தார். கணக்குப் பார்த்தவரும் திருத்தம் வேண்டும் என்று அறிந்து தாளை நம்பினார். இருவருக்கும் நடுவில் இருந்த களப்புத்தகத்தில் 'திருத்தம் செய்யப்பட்டது' என்ற ஒரு வரி இல்லை.

மிஞ்சிய 13

104இல் 90.6ஐக் கழித்தால் 13 மில்லிமீற்றருக்கு மேல் மிஞ்சுகிறது. பலர் இந்த இடத்தில் கோப்பை மூடிவிடுவார்கள். எனக்கு இந்த 13தான் இந்த வேலையின் முக்கியமான பகுதியாகத் தோன்றியது. இரட்டைத் திருத்தம் ஒரு தாளில் நடந்த தவறு, இது வாவியின் மேல் நடந்தது.

முறிவுக் குணகம் 0.13 என்பது இயற்கையின் மாறிலி அல்ல. அது உயரத்தோடு வெப்பநிலை எப்படி மாறுகிறது என்பதைப் பொறுத்தது. ஹெக்டோபஸ்காலில் உள்ள அழுத்தத்தைக் கெல்வின் வெப்பநிலையின் வர்க்கத்தால் வகுத்து, 503ஆல் பெருக்கி, அதை மறுபடி (0.0343 + மீற்றருக்கு வெப்பநிலை மாறும் வீதம்) என்பதால் பெருக்கினால் குணகம் கிடைக்கும். நமது கரையோர நிலைக்கு, அழுத்தம் 1010, வெப்பநிலை 30 பாகை என்று போட்டுப் பாருங்கள். மேலே போகப்போக மீற்றருக்கு 0.01 பாகை குளிர்ந்தால் விடை 0.13. இதுதான் பாடநூல் நிலை. மேலே போகப்போக மீற்றருக்கு 0.15 பாகை சூடானால் குணகம் 1ஐத் தொடும்: கதிர் பூமியின் வளைவோடு ஒட்டியே போகும், திருத்தமே தேவைப்படாது. மாறாக 0.1 பாகை குளிர்ந்தால் குணகம் −0.36, கதிர் எதிர்ப்பக்கம் வளையும்.

மீற்றருக்கு 0.15 பாகை மிகச் சிறியது. நீருக்கு மேல் 2 மீற்றர் உயரத்தில் ஓடும் ஒரு பார்வைக் கோட்டில் அது அன்றாடம் நிகழும். கிழக்கு மாகாணத்தில் இதற்கு ஒரு பருவமே உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் இறங்கும்போது உலர்ந்து சூடாகி வருகிறது. நாங்கள் கச்சான் என்று சொல்வது அதைத்தான். பிற்பகலில் கச்சான் படுவான்கரை வயல்வெளியைத் தாண்டி வாவிக்கு மேல் வரும்போது கீழே இருக்கும் நீர் காற்றைவிடக் குளிர்ந்தது. நீரை ஒட்டிய படலம் குளிர்ந்து, மேலே சூடான காற்று நிற்கும். விடியற்காலையில் இது தலைகீழ். ஆழமற்ற வாவி நீர் பகல் சூட்டை இரவெல்லாம் வைத்திருக்கும், காற்று குளிர்ந்துவிடும். நீரை ஒட்டிய காற்றுத்தான் அப்போது சூடு.

குழு கிழக்கிலிருந்து அளந்தது முற்பகலில். அதே கருவியைத் தூக்கிக்கொண்டு அக்கரை போய் மேற்கிலிருந்து அளந்தபோது பிற்பகல், கச்சான் எழும்பிவிட்டது. முதல் அளவீட்டின்போது குணகம் 0.13ஐ ஒட்டி இருந்திருந்தால், மிஞ்சிய 13 மில்லிமீற்றருக்குப் பிற்பகல் குணகம் 0.39 ஆக இருந்தால் போதும். கச்சான் நாளில் அது அதிகமே இல்லை.

நீருக்கு மேல் தாழப் பார்த்து ஏமாறுவது புதிதல்ல. இங்கிலாந்தின் பழைய பெட்போர்ட் ஆற்றில் 1838இல் சாமுவேல் ரோபோதம் நீரில் இறங்கி, நீர்மட்டத்துக்குச் சுமார் 20 சென்ரிமீற்றர் மேலே கண்ணை வைத்து, 6 மைல் தூரம் போன படகு மறையவில்லை என்று கண்டு, பூமி தட்டை என்று வாதாடினார். 1870இல் அல்பிரட் ரசல் வாலஸ், அளவைத் தொழிலில் பழகியவர், அதே இடத்தில் பார்வைக் கோட்டை நீரிலிருந்து 13 அடிக்கு மேல் உயர்த்திப் பார்த்தார். நடுக்குறி வளைவு சொல்லும்படியே உயர்ந்து தெரிந்தது. நீரை ஒட்டிய காற்றுப் படலத்தை விட்டு மேலே வந்ததுதான் அவருடைய கெட்டித்தனம்.

மறு அளவீடு

இரண்டு டோட்டல் ஸ்டேசன்களை ஏற்பாடு செய்தோம். இரு கரையிலும் ஒவ்வொன்று, இரண்டிலும் திருத்தம் இயக்கத்தில், எக்செல் தாளில் அந்த நிரல் நீக்கப்பட்டது. கைத்தொலைபேசியில் பேசிக்கொண்டு, ஒரே நேரத்தில் இரு பக்கமும், இரு முகத்திலும் வாசித்தோம். ஒரே நேரத்தில் என்பது இங்கே உயிர்நாடி. இரண்டு கதிரும் ஒரே காற்றுக்குள் எதிரெதிராகப் போனால் இரண்டிலும் முறிவு ஒன்றே. ஒரு விடையிலிருந்து மற்றதைக் கழித்துப் பாதியாக்கும்போது அது தானாகக் கழிந்துவிடும். வளைவும் அப்படியே கழிந்துவிடும். திருத்தம் எத்தனை முறை செய்யப்பட்டது என்பதும் அப்போது பொருட்டல்ல.

காலை 7 மணிக்கு முன்பின் கூட்டுத்தொகை −24 மில்லிமீற்றர். முற்பகலில் மேகம் மூடிக் காற்று நன்றாகக் கலந்திருந்தபோது +3. பிற்பகல் 3 மணிக்கு, கச்சானில், +50. குணகமாக மாற்றினால் காலையில் −0.10, முற்பகலில் 0.16, பிற்பகலில் 0.60. ஒரே நாளில், ஒரே கோட்டில்.

இதன் பொருளைத் தொழில் செய்பவர்கள் நின்று யோசிக்க வேண்டும். எல்லாத் திருத்தமும் ஒழுங்காக, ஒரே ஒரு முறை செய்யப்பட்டிருந்தாலும், பிற்பகலில் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் அளந்திருந்தால் விடை 25 மில்லிமீற்றர் பிழை. காலையில் மட்டும் அளந்திருந்தால் எதிர்ப்பக்கமாக 12 பிழை. பூமியின் வளைவை நாங்கள் கால் மில்லிமீற்றருக்குக் கணக்கிட முடியும். காற்றை அப்படிக் கணக்கிட முடியாது. இரு பக்கமும் அளந்து கழிக்கத்தான் முடியும்.

மூன்று வேளையிலும் சராசரிகள் −0.413, −0.411, −0.414. ஒன்றுக்கொன்று 3 மில்லிமீற்றருக்குள்.

இதற்குச் சான்றாக மண்முனைப் பாலம் வழியாகத் தரை மட்டப்படுத்தலும் செய்தோம். முன்பார்வையும் பின்பார்வையும் 40 மீற்றராகச் சமப்படுத்தினால் வளைவு ஒவ்வொரு நிலையிலும் தானே நீங்கும். அந்தத் தூரத்தில் அது 0.1 மில்லிமீற்றர்தான். போன வழிக்கும் வந்த வழிக்கும் வித்தியாசம் 9 மில்லிமீற்றர், சராசரி −0.411. முடிவாக −0.412 என்று எடுத்தோம். முதலில் வந்த இரண்டு எண்களையும் சராசரி எடுத்திருந்தால் −0.419 வந்திருக்கும். அந்த 7 மில்லிமீற்றர், வேறு வேறு வேளையில் அளந்ததன் விலை.

ஜிபிஎஸ் கருவியால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்குமே என்று கேட்டவர்களும் உண்டு. ஜிபிஎஸ் நேரடியாகத் தருவது கடல் மட்டத்திலிருந்து உயரம் அல்ல, பூமியின் வடிவத்துக்காக எடுத்துக்கொள்ளும் கணித நீள்கோளத்திலிருந்து உயரம். இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில், உலகிலேயே ஜியோயிட், அதாவது சராசரிக் கடல் மட்டப் பரப்பு, மிகத் தாழ்ந்து கிடக்கும் இடம் இருக்கிறது. அதன் விளைவாகக் கல்லடிக் கடற்கரையில் நின்றாலும் நீள்கோள உயரம் −90 மீற்றரைத் தாண்டிக் காட்டும். ஜியோயிட் மாதிரியால் அதைத் திருத்தலாம், ஆனால் நிகழ்நேர முறையில் செங்குத்துத் துல்லியம் 2, 3 சென்ரிமீற்றர். இந்தச் சரிவுக்கு அது போதாது.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை வேறொன்று. விடியலில், காற்று எழும்புமுன், இரு கரையோரமும் நீருக்குள் முளை அறைந்து, துளையிட்ட பிவிசி குழாயைச் சுற்றி நிறுத்தி அலையை அடக்கி, முளைத் தலையிலிருந்து நீர்மட்டம் வரையான இறக்கத்தை ஒரே நிமிடத்தில் வாசித்தோம். பிறகு ஒவ்வொரு முளையையும் அதன் கரையிலுள்ள குறியோடு லெவலால் இணைத்தோம். வாவி நீர் பூமியோடு வளைந்தே கிடக்கிறது. எந்தத் திருத்தமும் வேண்டாம். கிடைத்தது −0.407. காற்று நீரை ஒரு கரைக்கு ஒதுக்கும் என்பதால் இதை முடிவு எண்ணாகக் கொள்ள மாட்டேன், ஆனால் முதல் எண்ணான −0.367 தவறு என்பதை எந்தச் சூத்திரமும் இல்லாமல் இது காட்டியது. வட்டவிதானையாரும் இரண்டு கமக்காரர்களும் பக்கத்தில் நின்று தாங்களே வாசித்தார்கள்.

படுவான்கரைத் தூணுக்கு முதலில் கொடுத்த உயரம் 45 மில்லிமீற்றர் கூடுதல். அதிலிருந்து அடித்த முளைகள் எல்லாம் அதே அளவு தாழ்ந்து நின்றன. கதவின் படியும் அப்படித் தாழ்ந்திருந்தால் உவர்நீர் அத்தனை சீக்கிரம் ஏறியிருக்கும். முளைகளை 45 மில்லிமீற்றர் உயர்த்தி, புதிய அட்டவணை கொடுத்த பிறகே படிக்குக் கொங்கிறீற் போட்டார்கள்.

அந்தக் குழு இப்போது பயன்படுத்தும் களத்தாளின் தலைப்பில் கருவித் திருத்தம் இயக்கத்திலா இல்லையா, குணகம் எவ்வளவு, வாசித்த நேரம், காற்றின் திசை ஆகியவற்றுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். வாவியைக் கடக்கும் எந்தக் கோட்டுக்கும் முன், பின் விடைகளைத் தனித்தனியாகவே ஒப்படைக்க வேண்டும் என்று நான் கேட்டிருக்கிறேன். சராசரியை மட்டும் தந்தால் தாளைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.